பதினாலு தயிர் டப்பா

வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்த தரகர் அம்மாள் புழக்கடை மூலையில் நின்ற இரண்டு புதர்களை முழங்கையால் ஒதுக்கினார். முன்னே இருந்தவர்கள் அழகுக்கு வைத்த செடியாம். வெட்டி எறிந்துவிட்டால் நீச்சல் குளத்துக்கு இடம் கிடைக்கும் என்றார். நான் அவர் ஒதுக்கிய கிளையைப் பிடித்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் எண்ணெய் தடவியதுபோலக் கரும்பச்சை. அடிப்பக்கம் சாம்பல் நிற வெல்வெட்டு. காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு.

அது 2003, மார்ச் மாதம். ஃப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையில் இருக்கும் ஃபோர்ட் மையர்ஸ். அந்த இலையைக் கடைசியாக நான் தொட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது, ஊர் கோத்தகிரி. அன்று சாயங்காலமே வீட்டுக்கு விலை பேசி முடித்தோம். சமையலறை பெரிதாக இருந்ததால்தான் நான் தலையாட்டினேன் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்தச் செடிக்கு எங்கள் பக்கம் தவிட்டுக்கொய்யா என்று பேர். பேச்சில் தவுட்டுப்பழம். படகர் ஹட்டிகளில், அதாவது அவர்கள் ஊர்களில், தவுட்டெ ஹண்ணு. தவிட்டுக்கும் அந்தப் பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இலையின் அடியிலும் பிஞ்சின் மேலும் படர்ந்திருக்கும் சுணை, தவிடு தூவினமாதிரி இருப்பதால் வந்திருக்கலாம் என்பது என் சொந்த ஊகம். தாவரவியல் புத்தகத்தில் அதன் பேர் ரோடோமிர்டஸ் டொமென்டோசா. டொமென்டோசா என்றால் சுணை அடர்ந்தது என்று அர்த்தம். லத்தீன்காரனும் இலையைத் திருப்பித்தான் பார்த்திருக்கிறான்.

அப்பா ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தார். கோட்ரஸிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல். பாதி தூரம் தேயிலைக்குள், மீதி தூரம் புல் சரிவில். சரிவு சோலையைத் தொடும் இடத்தில், வெயில் படுகிற பக்கமாக, ஆள் உயரத்துக்குத் தவிட்டுக்கொய்யா நிற்கும். கோடை விடுமுறையில் ரோஜா நிறத்தில் பூக்கும். ஐந்து இதழ், நடுவில் குஞ்சம் மாதிரி மகரந்தத் தாள்கள். பூத்த அன்று நல்ல ரோஸ், நாள் ஆக ஆக வெளுத்துப்போகும். அதனால் ஒரே செடியில் ரோஸும் வெள்ளையுமாக இரண்டு வகைப் பூ இருப்பதுபோலத் தெரியும். தென்மேற்கு மழை ஓய்ந்து பள்ளிக்கூடம் மும்முரமாக நடக்கும் நாட்களில் பழுக்கும். விரல் நுனி அளவு, கருஊதா நிறம், தலையில் ஐந்து மடல் கிரீடம். கிரீடத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, அடியில் அமுக்கினால் உள்ளே இருப்பது வாய்க்குள் வந்து விழும். நாவல்பழத்தின் துவர்ப்பில் கொஞ்சம், கொய்யாவின் மணத்தில் கொஞ்சம், மீதி வேறெதிலும் இல்லாத ஓர் இனிப்பு. விதை நிறைய. ஒரு பழத்துக்குள் மூன்று நான்கு அறை, அறைக்கு நாற்பதுக்கு மேல் விதை என்று பிற்பாடு படித்தேன். அன்று எண்ணிப் பார்க்கப் பொறுமை ஏது.

திருட்டுத்தனமாகத் தின்ன முடியாத பழம் அது. நாக்கும் பல்லும் ஊதாவாகிவிடும். பிரார்த்தனை மணி அடித்த பிறகு வருகிறவர்களை டீச்சர் நாக்கை நீட்டச் சொல்லுவார். வழியில் நின்றதற்கு வேறு சாட்சி வேண்டாம். நிறையத் தின்றால் வயிறு கட்டிக்கொள்ளும் என்று என் தோழியின் ஹெத்தெ, அதாவது அவள் பாட்டி, ஓயாமல் எச்சரிப்பார். வயிற்றுப்போக்கு வந்தால் அவரே பச்சைக் காயைத் தேடிப் பறித்துக்கொண்டு வரச் சொல்லுவார். கூடையில் வைத்து விற்ற பெண்களும் உண்டு. கண்ணாடி டம்ளரால் அளந்து போடுவார்கள். ஆனால் அதை யாரும் நட்டு நான் பார்த்ததில்லை. நடுவதற்கு அது ஒரு செடி என்றே யாரும் நினைக்கவில்லை. சரிவு இருந்தால் அது இருக்கும், அவ்வளவுதான்.

1975-ல் நாங்கள் கோயம்புத்தூருக்கு இறங்கி வந்துவிட்டோம். பிறகு கல்யாணத்துக்குப் பின் 1990-களின் நடுவில் ஒருமுறை போனேன். சரிவு முழுக்கத் தேயிலை, தார்ரோட்டு ஓரம் வரைக்கும். தேயிலை ஏறாத இடத்தில் சீகை மரம். நான் நின்று தின்ற இடம் எது என்றே மட்டுக்கட்ட முடியவில்லை. டீக்கடையில் விசாரித்தேன். "தவுட்டுப்பழமா? இப்பல்லாம் எங்கங்க, உள்ளார போனா ஒண்ணு ரெண்டு இருக்கும்" என்றார் கடைக்காரர். அந்தப் பதிலோடுதான் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினேன் என்று எழுத ஆசை; விமானம்தான்.

ஆக, கடல் மட்டத்துக்குச் சில அடிகளே மேலே இருக்கும் மணல் பூமியில், ஆறாயிரம் அடி உயரத்துச் செடி எனக்காகக் காத்திருந்தது. அப்படித்தான் தோன்றியது. தொலைந்துபோன சித்தியைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டவள் மாதிரி ஆகிவிட்டேன். ஆனால் அந்தச் செடியை மலைச்செடி என்று நினைத்ததே என் அறியாமை. தென் சீனாவிலிருந்து வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா வரை சமவெளியிலும் கடலோரத்திலும் வளர்கிற செடிதான். நீலகிரியும் பழனி மலையும் இலங்கையும் அதன் மேற்குக் கோடி. இதை எனக்குச் சொன்னவர், நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இருந்த வியட்நாமியர். ஒருநாள் மதியச் சாப்பாட்டு டப்பாவில் பழம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததும், "சிம்!" என்று கத்தினார். அவர்கள் ஊரில் அதற்குப் பேர் சிம். ஃபூ குவோக் என்ற தீவில் அதில் ஒயின் போடுகிறார்களாம். பூவின் ஊதா நிறத்தைப் பற்றி அவர்கள் மொழியில் ஊரறிந்த கவிதை ஒன்று இருக்கிறதாம். நிறையத் தின்றால் வயிறு கட்டிக்கொள்ளும் என்று அவருடைய பாட்டியும் சொல்லுவாராம். இரண்டு பேரும் டப்பாவைக் காலி செய்துவிட்டு ஊதா நாக்கோடு ரத்தப் பரிசோதனைக்குத் திரும்பினோம்.

2004 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. சார்லி புயல் எங்களுக்குச் சற்று வடக்கே கரையேறியது. வீட்டின் பின்பக்கத் திண்ணையை மூடியிருந்த கொசுவலைக் கூண்டு பிய்த்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டு ஓக் மரம் எங்கள் வேலியின் மேல் படுத்துக்கொண்டது. தவிட்டுக்கொய்யா இரண்டும் இலைகூட உதிராமல் நின்றன. "பாத்தீங்களா, எங்க மலை வைராக்கியம்" என்று வீட்டுக்காரரிடம் பெருமை அடித்தேன். உரம் கிடையாது, தண்ணீர் கிடையாது, பூச்சி மருந்து கிடையாது, புயலுக்கும் அசையாது. தோட்டக்காரர்கள் தேடித் தேடி நடுவது இப்படிப்பட்ட செடியைத்தான். பயப்பட வேண்டியதும் இப்படிப்பட்ட செடிக்குத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

மறு வருஷம் நான் செய்த காரியம் பதினாலு தயிர் டப்பா. வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் காலியான தயிர் டப்பாவை யாரும் எறிவதில்லை. சாம்பார் போகும், ரசம் போகும், பொங்கலுக்குப் பாயசம் போகும். நான் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பினேன். நன்றாகப் பழுத்த பழங்களைப் பிசைந்து, வடிகட்டியில் அலசி, விதையை நிழலில் உலர்த்தி, மேலாகத் தூவினேன். சில வாரத்தில் முளை கட்டியது. வளர்த்தி மெதுவுதான். ஒரு சாண் உயரம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2007 பொங்கல் விழாவுக்குக் காரின் பின்பக்கம் அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனேன். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு: "நீலகிரித் தவிட்டுக்கொய்யா. தண்ணீர் அதிகம் வேண்டாம். அன்பு போதும்." இந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. தாம்பாவுக்கு ஐந்து, ஆர்லாண்டோவுக்கு மூன்று, மீதி எங்கள் ஊரிலும் பக்கத்திலும். ஊட்டியில் பிறந்தவர், குன்னூரில் படித்தவர், கொடைக்கானலுக்குத் தேனிலவு போனவர் என்று எல்லோருக்கும் அந்தப் பழத்தோடு ஏதோ ஓர் உறவு இருந்தது. இல்லாதவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 2009 ஜனவரியில், எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு காப்புக்காட்டில் ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போனோம். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர், எழுபது வயது இருக்கும், தன்னார்வலராக எங்களைக் கூட்டிப்போனார். காடு என்றால் நம் ஊர்ச் சோலை மாதிரி இருட்டுக் காடு அல்ல. பைன் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். கீழே புல்லும், முழங்கால் உயரக் குட்டைப் பனை மாதிரி ஒன்றும். வெயில் தரைவரை இறங்கும். அந்தக் காட்டின் உயிரே நெருப்புதான் என்றார். முன்பு இடி விழுந்து எரியும். இப்போது இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வனத்துறையே கணக்காகத் தீ வைக்கிறது. எரிந்தால்தான் புல் தழைக்கும், பைன் விதை முளைக்கும். மணலில் வளை தோண்டி வாழும் கோஃபர் ஆமைக்கு அந்தப் புல்தான் சாப்பாடு. அதன் வளையில் பாம்பு, தவளை, எலி, பூச்சி என்று 350-க்கும் மேற்பட்ட வகை உயிர்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன.

பாதை திரும்பியது. எதிரே மார்பளவுக்குச் சுவர் மாதிரி ஒரு புதர். பைன் மரங்களுக்கு நடுவே, கண்ணுக்கு எட்டியவரை. கீழே புல் இல்லை, வெயில் இல்லை, ஆமை வளையும் இல்லை. நான் இலையைத் திருப்பவே இல்லை. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. வாய் முந்திக்கொண்டது: "ஐயோ, இது எங்க ஊர்ச் செடி!"

ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. உங்கள் பையன்தான் எங்கள் வீட்டுக் கண்ணாடியை உடைத்தான் என்று சொல்ல வருகிறவர்கள் முகத்தில் ஒரு சங்கடம் இருக்குமே, அது இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவுக்காகவும் பழத்துக்காகவும் ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுவந்த செடி என்றார். பழத்தைப் பறவை தின்கிறது, காட்டில் எச்சமிடுகிறது. அந்தப் புளிப்பு மணல் அதற்குத் தாய்வீடு மாதிரி ஒத்துக்கொள்கிறது. தீ வைத்தால் மேலே கருகும். அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். காட்டைக் காப்பாற்றுகிற நெருப்பே அதற்கு உரம் ஆகிவிடுகிறது. சட்டப்படி அது கேடான களை. அனுமதி இல்லாமல் வைத்திருப்பதோ பெருக்குவதோ ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுபோவதோ குற்றம். கடைசியாக, ரொம்ப மென்மையாக, "உங்கள் வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பைன் மரத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. மாநிலத்தின் ஆக்கிரமிப்புத் தாவரங்களை வகைப்படுத்தும் நிபுணர் குழுவின் பட்டியலைப் படித்தேன். முதல் வகுப்பில், அதாவது இயற்கைக் காட்டையே மாற்றிவிடுகிற செடிகள் என்ற தலைப்பின் கீழ், தவிட்டுக்கொய்யா. சரி. அதே வகுப்பில் கொய்யா. அதே வகுப்பில் நாவல்! எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்ப் பழக்கூடையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்களே என்று பொருமினேன். கொய்யாவே தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து நமக்கு வந்தது என்பதுகூட அந்தக் கோபத்தில் மறந்துவிட்டது.

கோபத்தைத் தணித்தது உண்ணிச்செடி. விடியற்காலையில், காரணமில்லாமல், முதுமலை ஞாபகம் வந்தது. மசினகுடிப் பக்கம் ஜீப்பில் போகும்போது இரு மருங்கும் உண்ணிச்செடி. மஞ்சளும் சிவப்புமாகப் பூ, கறுப்பு மணி மணியாகப் பழம். சின்ன வயதில் அந்தப் பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சியிருக்கிறேன், பழுத்த பழத்தையும் தின்றிருக்கிறேன். பெரியவளானபின் அதைத் திட்டியும் இருக்கிறேன். புல் முளைக்க விடாது, மானும் காட்டெருமையும் மேய இடம் இல்லாமல் செய்துவிட்டது, யானை பக்கத்தில் நின்றாலும் தெரியாது என்று ஓட்டுநரோடு சேர்ந்து சாபம் கொடுத்திருக்கிறேன். அந்த உண்ணிச்செடி எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கண்டத்திலிருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு வெள்ளைக்காரர்கள் அழகுக்காக வரவழைத்தார்கள். யாரோ ஒரு துரைசாணி அதைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருப்பாள். தோழிக்கு ஒரு நாற்று கொடுத்திருப்பாள். அவளைப் பற்றி நான் என்ன நினைத்தேனோ அதையே இனி என்னைப் பற்றியும் நினைக்க வேண்டும். தயிர் டப்பா மட்டும்தான் வித்தியாசம்.

வெட்டுவதற்கு முன் ஜாம் போட்டேன். அந்த வருஷம் ஜூலையில் பழுத்ததை ஒன்று விடாமல் பறித்து, வேகவைத்து, வடிகட்டி, விதைச் சக்கையை இன்னொரு தரம் கொதிக்கவிட்டுக் குப்பையில் போட்டேன். மூன்று பாட்டில் தேறியது. நிறம் பட்டுப்புடவைக் கத்திரிப்பூ. ருசி சுமார்தான், அந்தப் பழத்தைச் சூடு காட்டினால் அதன் மணம் போய்விடுகிறது. பிறகு வீட்டுக்காரர் ரம்பம் பிடிக்க, தரையை ஒட்டி அறுத்தோம். அறுத்த சூட்டோடு அடிக்கட்டையில் களைக்கொல்லியைத் தூரிகையால் பூசவேண்டும். பத்து நிமிஷம் விட்டால்கூட வெட்டுவாய் காய்ந்து மருந்து இறங்காது என்று சொல்லியிருந்தார்கள். அப்படியும் அடுத்த இரண்டு வருஷம் துளிர்த்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தரமும் அந்தத் துளிரின் சாம்பல் சுணையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் கிள்ளுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பதினாலு டப்பாவைத் திரும்பப் பிடிப்பதுதான் பெரும் பாடு. கொடுக்கும்போது கைதட்டியவர்களிடம், "அதைப் பிடுங்கிடுங்க" என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். இரண்டு செடி தானாகவே பட்டுப்போயிருந்தன. அவர்கள் குற்றவுணர்வோடு சொன்னார்கள், நான் நன்றி சொன்னேன், அவர்களுக்குப் புரியவில்லை. பெரும்பாலோர் சனி ஞாயிறில் பிடுங்கிப் படம் அனுப்பினார்கள். தாம்பாவில் ஒரு தம்பி மட்டும் வாதாடினான். "ஏக்கா, நாமளும் இங்க வந்து குடியேறினவங்கதானே? நம்மளையும் களைன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்றான். கூட்டத்தில் சொன்னால் கைதட்டல் வாங்கும் பேச்சு. எனக்கு அந்த ஒப்புமை அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. மனுஷனைச் செடி என்று சொல்லித்தான் பல ஊர்களில் பல அநியாயம் நடந்திருக்கிறது; செடியை மனுஷன் என்று சொல்வதும் அதே கணக்கின் மறுபக்கம். "நீ வந்ததால எத்தன ஆமைக்குச் சோறு போச்சு, சொல்லு" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பிடுங்கினான்.

ஒரே ஒரு செடி பாக்கி. எங்கள் ஊரிலேயே, மகன் வீட்டில் இருந்த ஒரு குன்னூர் அம்மா. எண்பதை நெருங்கியவர். சக்கர நாற்காலியை ஜன்னலோரம் தள்ளச் சொல்லி அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் விஷயத்தைச் சொன்னதும் நீண்ட நேரம் பேசவில்லை. "நான் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் கண்ணு. பழம் வந்தாத்தானே பறவை தின்னும்? பூவக் கிள்ளிப்போடறேன்" என்றார். சொன்னபடி செய்தார். பூக்கும் மாதங்களில் தினமும் காலையில் பேத்தியை விட்டுப் பூவைக் கிள்ளி, ஒரு கிண்ணம் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வைப்பார்கள். வாரம் ஒருமுறை நான் போய் இலை மறைவில் பிஞ்சு தப்பியிருக்கிறதா என்று பார்ப்பேன். சட்டப்படி அதுவும் தப்புதான், நானும் உடந்தைதான். 2013-ல் அந்த அம்மா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவருடைய மகனும் நானுமாக அந்தச் செடியை அறுத்தோம். அவர் ரம்பத்தைப் பிடித்தார், நான் மருந்து பூசினேன்.

அதற்குப் பிறகு அந்த உயிரியல் ஆசிரியையைத் தேடிப்போய், வீட்டில் இருந்தது என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும். அன்றைக்கே உங்கள் கணவர் முகத்தில் எழுதியிருந்தது" என்று சொல்லிக் கையுறை ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் காட்டுக்குப் போகிறேன். மழைக்குப் பிறகு மணல் நெகிழ்ந்திருக்கும்போது சின்ன நாற்றுகள் வேரோடு வந்துவிடும். பெரியதை அறுத்து மருந்து பூசுவோம். பழத்தோடு இருந்தால் முதலில் பழத்தைப் பறித்து இரண்டு உறை குப்பைப் பையில் கட்டிவிட வேண்டும். நெருப்பெறும்பு கணுக்காலில் ஏறும். வெயில் மதராஸ் சித்திரை. ஒரு காலைப்பொழுது பத்துப் பேர் வேலை செய்தால், பார்க்கிறவருக்கு ஏதோ ஒரு மூலை கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும். அவ்வளவுதான். தீர்ந்துபோகும் என்று அங்கே யாரும் நினைத்து வேலை செய்வதில்லை. ஆனால் சுத்தம் செய்த ஒரு திட்டில் நான்கு வருஷம் கழித்து ஆமை வளை ஒன்றைப் பார்த்தேன். வாசலில் மணல் புதிதாகக் கொட்டியிருந்தது.

2024 டிசம்பரில் மியாமி பீச்சுக்கு யானைகள் வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டு 150 மைல் ஓட்டிப் போனோம். நிஜ அளவில் நூறு யானைகள், கடற்கரை மணலில் மந்தையாக நின்றன. ஒவ்வொன்றும் நீலகிரிக் காட்டில் உயிரோடு திரிகிற ஒரு யானையைப் பார்த்து வடித்தது. பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளிகர் கைகள் செய்தவை. செய்த பொருள் உண்ணிச்செடித் தண்டு. காட்டை அடைத்துக்கொண்ட அந்தச் செடியையே வெட்டி, வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பெட்டை யானையின் வயிற்றுப் பக்கம் போய்த் தடவிப் பார்த்தேன். தண்டு வழவழப்பாக இருந்தது. பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், இது என்ன இந்திய மரம் என்று கேட்டாள். இந்திய மரம் அல்ல, உங்கள் பக்கத்துச் செடிதான், இப்போது ஊருக்குத் திரும்ப வந்திருக்கிறது என்றேன். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வீட்டுக்காரர், "உன் செடியில யாராச்சும் ஆமை செஞ்சு கோத்தகிரிக்கு அனுப்பலாம்" என்றார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன உருப்படியான யோசனைகளில் அது ஒன்று.

போன வருஷம் கோத்தகிரிக்குப் போனபோது லாங்வுட் சோலையைத் தாண்டி ஒரு சரிவில், தேயிலைத் தோட்ட வேலிக்கு வெளியே, இரண்டு தவிட்டுக்கொய்யா நின்றன. பழம் இருந்தது. ஐம்பது வருஷத்துக்குப் பின் அந்த மண்ணில் நின்று தின்றேன். ஐந்தே ஐந்து. மீதி பறவைக்கு. அங்கே பறவை அதை எங்கே கொண்டுபோனாலும் எனக்குச் சந்தோஷம். அங்கே அது பரவவேண்டிய செடி, இடம்தான் இல்லை. அந்தத் தேயிலைத் தோட்டக்காரர் என்னைக் கவனித்துவிட்டு, வேலியை அகலப்படுத்தும்போது இதை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கெஞ்சிக் கேட்டு இரண்டில் ஒன்றையாவது விட்டுவைப்பதாக வாக்கு வாங்கியிருக்கிறேன்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். நீலகிரியிலோ பழனி மலையிலோ ஒரு சென்ட் நிலம் வைத்திருப்பவர்கள், வேலியோரம் தானாக வந்த தவிட்டுக்கொய்யாவை வெட்டாதீர்கள். ஃப்ளோரிடாவில் வீடு வாங்குகிறவர்கள், புழக்கடைப் புதரின் இலையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அடியில் சாம்பல் வெல்வெட்டும் மூன்று நரம்பும் இருந்தால், பூக்கிற வரைக்கும் காத்திருக்காமல் எனக்குச் சொல்லியனுப்புங்கள். ரம்பம் என்னிடம் இருக்கிறது.